கழற்றிய நாலு பல்லும் கேட்காமல் விட்ட இரண்டு கேள்வியும்: கொழும்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பொதுப் பல் வைத்தியராக இருக்கிறேன். பல்லுக்குக் கம்பி போடுவது என் வேலையல்ல. கம்பி போடும் நிபுணர் கடிதம் எழுதுவார், கழற்ற வேண்டிய பல்லை நான் கழற்றி அனுப்புவேன். கொழும்பில் தனியாரிடம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: திட்டம் ஒருவர் கையில், குறடு இன்னொருவர் கையில். அந்த இரண்டு கைக்கும் நடுவே விழுந்த ஒரு பிள்ளையின் கதை இது. பிள்ளையும் தாயும் எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். வாய்க்குள் இருந்த எதையும் மாற்றவில்லை.

வந்த நிலை

வயது பதினைந்தரை, தரம் 10. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி 9 மில்லிமீற்றர் முன்னே நின்றன. சும்மா இருக்கும்போது உதடு மூடாது. மூட வைத்தால் நாடியில் தோடம்பழத் தோல்போலச் சுருக்கம் விழும். கீழ்ப்பற்கள் 5 மில்லிமீற்றர் இடம் போதாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பட்டப்பெயரைத் தாய்தான் சொன்னார். சொல்லும்போது பிள்ளை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிபுணரின் திட்டம் நேரானது. மேலும் கீழும், இரு பக்கமும், வேட்டைப்பல்லுக்கு அடுத்து இருக்கும் முதலாம் முன்கடைவாய்ப்பற்கள் நாலையும் எடுப்பது. ஒரு பல் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் அகலம். அந்த இடத்தில் கீழே நெருக்கத்தைத் தீர்த்து, மேலே முன்பற்களைப் பின்னுக்குக் கொண்டுபோவது. வேறு வழி இருக்கவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் வந்திருந்தால், வளர்ச்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கழற்றிப் பூட்டும் கருவியால் துருத்தலைக் கணிசமாகக் குறைத்திருக்கலாம். பதினைந்தரை வயதுப் பெண்பிள்ளைக்கு அந்த வளர்ச்சி அநேகமாக முடிந்துவிடும். பல்லின் பக்கங்களை அராவி எடுத்தால் கிடைப்பது ஓரிரு மில்லிமீற்றர். மேல்பற்களை மட்டும் கழற்றினால் கீழ் நெருக்கம் அப்படியே இருக்கும். நானாக இருந்தாலும் இதே திட்டத்தைத்தான் போட்டிருப்பேன். இவ்வளவும் நடந்த பிறகும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குடும்பம் கேட்ட கேள்விகள்

ஒப்புதல் வாங்கும் நாளில் தாயும் அம்மம்மாவும் சேர்ந்து வந்தார்கள். நல்ல ஆயத்தத்தோடு வந்தார்கள்.

அம்மம்மா முதலில் தொடங்கினார்: "மேல் பல்லுக் கழட்டினா கண் பார்வை குறையுமாம். உண்மையோ டொக்டர்?"

இந்தக் கேள்வி வராத கிழமை கிடையாது. கண் பார்வைக்குப் போவது இரண்டாவது மண்டை நரம்பு. பல்லுக்கு வருவது ஐந்தாவது மண்டை நரம்பின் கிளைகள். மேல்தாடைப் பல்லின் வலி சில வேளை கண்ணுக்குக் கீழே தெறிப்பதால்தான் இந்த நம்பிக்கை வந்திருக்க வேண்டும். பல்லை எடுத்ததால் பார்வை மங்காது என்றேன். அம்மம்மா தலையாட்டினார். நம்பினாரோ தெரியாது, ஆனால் ஊசி போடும்போது பேத்தியின் கண்ணைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

தாயின் கைபேசியில் ஒரு வீடியோ இருந்தது. பல்லைக் கழற்றிக் கம்பி போட்டால் முகம் உள்ளே போகும், மூச்சுக்குழாய் ஒடுங்கி நித்திரையில் மூச்சு நிற்கும், தாடை மூட்டு பழுதாகும் என்று மூன்று பயத்தையும் ஒரே மூச்சில் சொன்னது அது. மூட்டுப் பயத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், முன்கடைவாய்ப்பற்களைக் கழற்றிச் செய்த சிகிச்சையால் தாடை மூட்டு கெட்டது என்று ஒரு பெண் போட்ட வழக்கில் நடுவர் குழு 8,50,000 டொலர் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு கம்பி போடுகிறவர்களை உலுக்கியது. அதன் பிறகு செய்த ஆய்வுகள் கழற்றியவர்களையும் கழற்றாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தன. பல் கழற்றுவதால் மூட்டு நோய் வருகிறது என்று காட்ட முடியவில்லை. நித்திரை மூச்சடைப்புப் பற்றி 2019இல் அமெரிக்கப் பல் சீராக்கல் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், முன்கடைவாய்ப்பல் கழற்றுவது அதற்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. முகம் மாறும், அது உண்மை. துருத்திய உதடு சில மில்லிமீற்றர் பின்னுக்குப் போகும். இந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்ததே அதுதான். ஏற்கெனவே தட்டையான உதடு உள்ளவருக்கு இதே சிகிச்சையைச் செய்தால்தான் முகம் வாடும்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து சித்தி அழைத்தார். குரலில் நடுக்கம். "அக்கா அனுப்பின படத்தில பதினாலாம் பல்லுக் கழட்டுறதெண்டு போட்டிருக்கு. அது கடைவாய்ப் பல்லல்லோ!" சித்தி பார்த்தது அமெரிக்க எண்முறை. அங்கே ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை வாயைச் சுற்றி வரிசையாக எண்ணுவார்கள், 14 என்றால் மேல் இடது முதலாம் கடைவாய்ப்பல். நாங்கள் பாவிக்கும் முறையில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, அடுத்தது நடுவிலிருந்து எத்தனையாவது பல். 14 என்றால் மேல் வலது நாலாவது. சித்திக்கு விளங்கப்படுத்தி முடிய அரை மணித்தியாலம் போனது. ஆனால் அது வீண் பயமல்ல. கம்பிக்காகப் பல் கழற்றும்போது தவறான பல்லை எடுத்துவிடுவது எங்கள் தொழிலில் தெரிந்த விபத்து. நோயாளிக்கு எந்தப் பல்லும் வலிக்காது, நாலும் ஐந்தும் பார்வைக்குச் சகோதரங்கள், பால்பல் ஒன்று விழாமல் நின்றால் எண்ணிக்கையே பிசகும். அதனால்தான் நான் எண்ணை மட்டும் நம்புவதில்லை. கடிதம், படம், வாய் மூன்றையும் தாய்க்கு முன்னால் ஒப்பிட்டு, பல்லில் பென்சிலால் புள்ளி போட்டு, கண்ணாடியில் பிள்ளைக்குக் காட்டிய பிறகே ஊசியை எடுப்பேன்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். தாய் கையெழுத்துப் போட்டார். திருப்தியாகத்தான் இருந்தது எனக்கும்.

கழற்றிய இரண்டு நாட்கள்

முதல் கிழமை வலது பக்கம் இரண்டு, அடுத்த கிழமை இடது பக்கம் இரண்டு. ஒரு பக்கத்தாலாவது சாப்பிட வேண்டும் என்பதற்காக.

கீழ் முன்கடைவாய்ப்பல்லுக்கு அநேகமாக ஒற்றை வேர், கூம்பு போல. மெல்லத் திருகினால் வந்துவிடும். அதன் பக்கத்தில் தாடையெலும்பிலிருந்து உதட்டுக்குப் போகும் நரம்பு வெளியே வருவதால் கை அளவோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் முதலாம் முன்கடைவாய்ப்பல்தான் சோதிக்கும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு வேர், கன்னப் பக்கம் ஒன்று, அண்ணப் பக்கம் ஒன்று. இரண்டும் ஈர்க்குக் குச்சி மாதிரி மெல்லியவை. திருகக் கூடாது. கன்னப் பக்கமும் அண்ணப் பக்கமும் மாறிமாறிச் சாய்த்து, எலும்பு விரிய விரியக் கீழே இழுக்க வேண்டும்.

இடது மேல்பல் வரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பென்சில் முனை முறிகிற சத்தம் அது, நோயாளிக்கு மண்டைக்குள் கேட்கும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பல்லைத் துணியில் வைத்துப் பார்த்தேன். கன்னப் பக்க வேர் முழுசு, அண்ணப் பக்க வேரின் நுனியில் 2 மில்லிமீற்றர் இல்லை. சாதாரணமாகப் பல் கழற்றும்போது இவ்வளவு சிறிய, தொற்று இல்லாத நுனி முறிந்தால் சில வேளை விட்டுவிடுவோம். இங்கே விட முடியாது, ஏனென்றால் இன்னும் சில மாதத்தில் வேட்டைப்பல் அந்த இடத்துக்குள்தான் நகர வேண்டும். "பிள்ளை, ஒரு சின்னத் துண்டு மிச்சம் நிக்குது. வலிக்காது, நேரம்தான் எடுக்கும்" என்றேன். மெல்லிய நெம்பியால் இருபது நிமிடம் போராடி எடுத்தேன். எடுத்த துண்டைப் பல்லோடு பொருத்தித் தாய்க்குக் காட்டினேன். நாலு பல்லையும் வெறுமையான விக்ஸ் போத்தலில் போட்டுக் கொண்டுபோனாள் பிள்ளை. உயிரியல் படிக்கப் போகிறாளாம்.

பஞ்சை அரை மணித்தியாலம் கடித்திரு, இன்றைக்குக் கொப்பளிக்காதே, நாளையிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர், இடியப்பமும் சொதியும், உறிஞ்சுகுழாய் வேண்டாம். வலிக்குப் பனடோல் மட்டும். இபுபுரோபன் வேண்டாம் என்று கொழும்பில் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மழைக்குப் பிறகு டெங்கு வந்துவிட்டால், பல் வலிக்கென்று வீட்டில் இருக்கும் அந்த மாத்திரையைக் காய்ச்சலுக்கும் கொடுத்துவிடுவார்கள். டெங்குவில் அது இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். புண் ஒழுங்காக ஆறியது. தொற்றோ, குழி காய்ந்து வரும் வலியோ இல்லை. மூன்றாம் கிழமை கம்பி போட அனுப்பினேன். கார்டில் 'முடிந்தது' என்று எழுதினேன்.

நின்றுபோன ஏழு மாதம்

இதை நான் பிறகு கேட்டும், கிளினிக்கில் பிரதி வாங்கியும் கோர்த்தது. முதல் ஏழு மாதம் பல் வரிசை நேராக்கப்பட்டது. மெல்லிய வட்டக் கம்பிகள், எல்லாம் முறைப்படி. எட்டாம் மாதம் இடைவெளியை மூடுவதற்காக இரு பக்கமும் நிக்கல்-டைட்டேனியச் சுருள்கள் பூட்டப்பட்டன. ஒன்பதாம் மாதம் நிபுணர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். அந்த நாள் குறிப்பில் 'முன்பல் எக்ஸ்ரே, அடுத்த வருகை' என்று ஒரு வரி இருக்கிறது.

அடுத்த வருகை இருக்கவில்லை. நிபுணர் நாட்டை விட்டுப் போய்விட்டார். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை, என் பேராதனை வகுப்பிலேயே மெல்பேர்ணுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் பலர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் நோயாளிகளின் பட்டியலையும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றல் கடிதத்தையும் கிளினிக்கில் கொடுத்துவிட்டே போயிருக்கிறார். கடிதம் கோவைக்குள் இருந்தது. தாய்க்குக் கிடைத்தது, "புது டொக்டர் வந்ததும் கோல் பண்ணுவம்" என்ற பதில் மட்டும். இரண்டு தடவை தாயே அழைத்திருக்கிறார். பிறகு சாதாரண தரப் பரீட்சை வந்தது. வீட்டில் பரீட்சை நடக்கும்போது பல்லைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பல்லும் வலிக்கவில்லை. இடைவெளி மூடிக்கொண்டே வந்ததால் நல்லதுதான் நடக்கிறது என்று நினைத்திருந்தார்கள்.

அந்தச் சுருளின் குணம் இங்கே முக்கியம். ரப்பர் சங்கிலி என்றால் ஒரே நாளில் பாதி விசையை இழந்துவிடும், ஆள் வராவிட்டால் தானாகவே சோர்ந்துபோகும். நிக்கல்-டைட்டேனியம் அப்படியல்ல. நீண்டிருந்தாலும் சுருங்கினாலும் ஏறக்குறைய ஒரே விசையில், 150 கிராம் அளவில், மாதக் கணக்காக இழுக்கும். கவனிக்க ஆள் இருக்கும் வாய்க்கு அது வரம். இங்கே ஆள் இல்லாத வீட்டில் மூட்டிய அடுப்பாக இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த நாள்

கரும்பு கடித்ததில் ஒரு பிரக்கெட், அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு, கழன்றுவிட்டது என்று வந்தார்கள். கம்பி போட்டுப் பதினாறாம் மாதம். "முன்பல்லும் கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு டொக்டர், கரும்பாலதானோ?" என்றாள் பிள்ளை, சும்மா ஒரு செய்தி சொல்வதுபோல.

சுருள்கள் அப்படியே இருந்தன. வலது இடைவெளி மூடியிருந்தது, இடதில் 2 மில்லிமீற்றர் மிச்சம். துருத்தல் போயிருந்தது, ஆனால் பற்கள் பின்னுக்கு நகர்ந்ததை விடப் பின்னுக்குச் சாய்ந்தது அதிகம். சாயும்போது கீழிறங்கிக் கடி ஆழமாகி, கீழ்ப்பல் நுனிகள் அண்ணத்தைத் தொடுமளவில் நின்றன. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. மேல் பக்கப்பற்களிலும் வேட்டைப்பல்லிலும் பிரக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தழும்பு. கம்பிக்குக் கீழே அழுக்கு நின்றால் நாலே கிழமையில் இந்த வெள்ளை தோன்றலாம், இங்கே ஏழு மாதம். மேல் இடது நடுப்பல் விரலுக்கு ஆடியது. பல்லின் நரம்பைச் சோதிக்கக் குளிர் வைத்துப் பார்த்தபோது மற்றப் பற்கள் உடனே சொல்ல, இது யோசித்துச் சொன்னது.

முன்பற்களுக்குச் சிறிய எக்ஸ்ரே எடுத்தோம். முழுவாய்ப் படமான ஓ.பி.ஜி. இதற்குப் போதாது. கழுத்தெலும்பின் நிழல் விழுந்து முன்பகுதி மங்கும், வேர் இழப்பையும் கூட்டிக் காட்டும்.

திரையில் படம் வந்ததும் தாயும் எழுந்து வந்து பார்த்தார். மேல் நடுப்பல்லின் வேர் சராசரியாக 13 மில்லிமீற்றர் நீளம் இருக்கும். வலது நடுப்பல்லில் நுனி 2 மில்லிமீற்றர் மழுங்கியிருந்தது. இடதில் மூன்றிலொரு பங்கு இல்லை. மிச்சம் 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வேர் முடியும் இடம் கூராக இல்லாமல், வாளால் வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருந்தது.

தாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கம்பி போட்டவர் போயிட்டார். பல்லைக் கழட்டினது நீங்கள். நான் ஆரிட்டக் கேக்கிறது?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. என்னிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

பிறகு பதினேழு மாதத்துக்கு முந்தைய ஓ.பி.ஜி.யைத் திறந்தேன். கழற்றுவதற்கு முன் நான் பார்த்து, கடிதத்தோடு ஒப்பிட்டு, 'சரி' என்று குறித்த அதே படம். அன்றைக்கு என் கண் நாலு பல்லில் மட்டும் இருந்தது. இப்போது முன்பல்லைப் பெருப்பித்துப் பார்த்தேன். மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது. இடது நடுப்பல்லின் வேர் அப்போதே வலதை விட மொட்டையாக, தீட்டாத பென்சில் போல இருந்தது.

"இந்தப் பல் எப்பவாவது அடிபட்டதோ?"

தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒன்பது வயதில் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனபோது அம்மம்மா வீட்டுக் கிணற்றுக்கட்டில் விழுந்திருக்கிறாள். உதடு வீங்கி, பல் ஆடி, இரண்டு கிழமையில் தானாகவே சரியாகிவிட்டது. "அது அப்பவே சுகமாயிற்றுத்தானே டொக்டர், அதையும் சொல்ல வேணுமோ?" என் படிவத்தில் இருந்த கேள்வி, 'வேறு நோய்கள், ஒவ்வாமை உண்டா?' இல்லை என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யல்ல.

வேருக்கு என்ன நடந்தது

பல் நகர்வதே ஒரு அளவான காயம்தான். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பை உடல் கரைக்கும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வைக்கும். அழுத்தம் மிஞ்சினால் வேரைச் சுற்றியுள்ள இழை இரத்தமின்றி மடியும். அந்தக் கழிவை அகற்ற வரும் கலங்கள் வேரின் மேற்பரப்பையும் சேர்த்துச் சுரண்டும். பக்கங்களில் விழும் சிறு குழிகளை உடல் திரும்ப நிரப்பிவிடும். நுனி கரைந்தால் திரும்ப வளராது. 1927இல் அமெரிக்கரான அல்பர்ட் கெச்சம் எக்ஸ்ரே படங்களோடு இதைக் காட்டிய நாளிலிருந்து, கம்பி போடும் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். பெரும்பாலான வாய்களில் ஓரிரு மில்லிமீற்றரோடு நின்றுவிடும், நோயாளிக்குத் தெரியவே வராது. மூன்றிலொரு பங்குக்கு மேல் போவது நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேரில்.

அந்த ஒன்று முதல் ஐந்துக்குள் யார் விழுவார்கள்? நீண்ட காலம் கம்பி போட்டவர்கள், வேர் நுனி அதிக தூரம் பயணிக்க வேண்டியவர்கள், மழுங்கிய அல்லது வளைந்த வேர் உள்ளவர்கள், முன்பல் அடிபட்டவர்கள், பிறப்பிலேயே அந்தச் சுபாவம் உள்ளவர்கள். பல் கழற்றியவர்களில் வேர் கரைவது கூடுதலாகக் காணப்படுவதும் பயணத் தூரத்தால்தான், கழற்றிய செயலால் அல்ல. முன்னே துருத்திய பல் விழும்போது முதலில் அடிபடும். 3 மில்லிமீற்றருக்கு மேல் துருத்தினாலே அந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு, இவளுக்கோ 9. ஆக, கழற்றிக் கம்பி போட அதிகம் தேவைப்படும் வாய்தான் அடிபட்ட பல்லும் இருக்கக்கூடிய வாய். எங்கள் படிவத்தில் இந்தக் கேள்வி முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது.

சிகிச்சை தொடங்கி 6 முதல் 9 மாதத்துக்குள் முன்பல்லுக்கு ஒரு படம் எடுத்தால் யாருக்குக் கரையத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்தி ஓய்வு கொடுப்பது. கருவியும் மருந்தும் வேண்டாத வைத்தியம் அது. இந்தப் பிள்ளையின் கோவையில் அந்தப் படம் 'அடுத்த வருகை' என்று ஒரு வரியாக நின்றுவிட்டது.

செய்தது

அன்று மாலையே சுருள் இரண்டையும் வெட்டி எடுத்தேன். கம்பியை விசையில்லாமல் விட்டேன். விசை நின்றால் கரைவதும் நிற்கும், இதில் காத்திருக்க எதுவும் இல்லை. கிளினிக்கிலிருந்து கோவையின் பிரதியை வாங்கினேன். மாற்றல் கடிதத்தை அப்போதுதான் முதலில் கண்டோம். அதில் 'இடைவெளி மூடும் கட்டம், ஆறு கிழமைக்கு மேல் விட வேண்டாம்' என்று தெளிவாக இருந்தது. தாய் அதை இரண்டு தரம் வாசித்தார்.

வேறொரு நிபுணர் பொறுப்பெடுக்க மூன்று கிழமை பிடித்தது. பாதியில் நிற்கும் வாயை எடுக்க யாரும் விரும்புவதில்லை. மற்றவரின் கணக்கை மீட்க வேண்டும், பிழை என்றால் தன் பெயர். அரச வைத்தியசாலையில் இலவசமாகச் செய்வார்கள், ஆனால் வரிசை நீளம். கடைசியில் ஒரு மூத்தவர் ஒப்புக்கொண்டார்.

மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு மறுபடம் எடுத்தோம். மேலும் கரையவில்லை, பல்லின் ஆட்டமும் குறைந்திருந்தது. பிறகுதான் கஷ்டமான முடிவு. சாய்ந்த முன்பற்களை நிமிர்த்தி அழகாக முடிக்க வேண்டும் என்றால் வேர் நுனிகளை அண்ணப் பக்கமாகத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கரைந்த வேரை மறுபடி நீண்ட பயணம் அனுப்புவது அது. 9 மில்லிமீற்றருக்கும் குறைந்த வேர் பிற்காலத்தில் ஆடத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் கோட்டில்தான் இவளின் பல் நின்றது. நிபுணர் பிள்ளையிடமே கேட்டார்: "வடிவு வேணுமோ, பல்லு வேணுமோ?" கேட்ட விதம் கொஞ்சம் கரடு. அவள் சிரித்துக்கொண்டே, "ரெண்டையும் எடுத்திட்டுத்தானே கேக்கிறியள்" என்றாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

நிமிர்த்துவதைக் கைவிட்டோம். கீழ் வரிசையை மட்டும் மெல்லிய கம்பியால் தட்டையாக்கி, கடி அண்ணத்தில் படாதபடி ஆழத்தைக் குறைத்தார். இடது இடைவெளியைத் தொடவில்லை. ஐந்து மாதத்தில் எல்லாம் கழற்றப்பட்டது. மேல் முன்பற்கள் நாலின் பின்புறத்திலும் மெல்லிய கம்பி ஒட்டப்பட்டிருக்கிறது, இரவுக்குக் கழற்றிப் பூட்டும் தகடு ஒன்றும் உண்டு. வெள்ளைத் தழும்புக்கு ஃபுளோரைட் பற்பசையும் பொறுமையும். பாதி மங்கியது, பாதி நிற்கிறது.

எங்கே பிழைத்தது

பல்லைக் கழற்றலாமா கூடாதா என்ற சண்டைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கம்பி போடும் துறையின் தந்தை எனப்படும் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், முப்பத்திரண்டு பல்லும் இருந்தால்தான் வாய் என்றார். 1911இல் கல்வின் கேஸ் அதை எதிர்த்து அமெரிக்காவில் பகிரங்கமாக வாதாடினார். ஆங்கிளிடமே படித்த சார்ள்ஸ் டுவீட் பிறகு, தான் கழற்றாமல் முடித்த நோயாளிகளின் பல் வரிசை குலைந்து திரும்பி வந்ததைக் கண்டு, கழற்றி மறுபடி செய்து காட்டினார். இன்றைய வீடியோக்கள் அந்தச் சண்டையின் எச்சம். அந்தச் சத்தம் பெரிதாக இருப்பதால் பெற்றோரும் அதையே கேட்கிறார்கள், நாங்களும் அதற்கே பதில் வைத்திருக்கிறோம். கண், முகம், மூச்சு, மூட்டு, பல்லின் எண். குடும்பம் ஐந்து கேள்வி கேட்டது, ஐந்துக்கும் சரியான பதில் கிடைத்தது. ஒப்புதல் பூரணம் என்று நான் நினைத்தது அதனால்தான்.

கேட்க வேண்டியிருந்தவை வேறு இரண்டு. முன்பல் எப்போதாவது அடிபட்டதா? இந்தச் சிகிச்சையை முடிக்கப் போவது யார், அவர் இல்லாவிட்டால் யார்? இரண்டையும் குடும்பத்தால் ஊகித்திருக்க முடியாது. கேட்டிருக்க வேண்டியது குறடு வைத்திருந்த நான். என் பகுதி இரண்டு மாலை நேரம், அதைத் திரும்ப வைக்க முடியாது. கம்பி இரண்டு வருடம், அதை எந்த நாளும் கழற்றலாம். நான் கையெழுத்து வாங்கியதோ பல் எடுக்கும் நேரத்தில் வரும் இரத்தப்போக்குக்கும் விறைப்புக்கும் வீக்கத்துக்கும்.

இப்போது கம்பிக்காகப் பல் கழற்றும் கடிதம் வந்தால் மூன்று விடயம் எழுத்தில் கேட்கிறேன்: முன்பல் அடிபட்ட வரலாறு, வேர் பார்க்கும் படம் எந்த மாதம், பொறுப்பெடுக்கும் இரண்டாவது ஆள். தாய் தகப்பனின் கைபேசி இலக்கத்தோடு அந்த மாதத்தை என் நாட்குறிப்பிலும் குறிக்கிறேன், என் வேலை இல்லாவிட்டாலும். இரண்டு கடிதங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர் இப்போது வேறு இடத்துக்கு அனுப்புகிறார்.

இப்போது

கம்பி கழற்றி ஒரு வருடம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். இடது நடுப்பல் ஆடவில்லை, குளிருக்குப் பதில் சொல்கிறது, படத்தில் மாற்றம் இல்லை. வேர் நுனியில் 3 மில்லிமீற்றர் போனால் ஈறோரத்தில் 1 மில்லிமீற்றர் எலும்பு போனதற்குச் சமம் என்று ஒரு கணக்கு உண்டு. பல்லை அதிகம் தாங்குவது ஈறோரத்து எலும்பு, நுனி அல்ல. அதனால் ஈறைச் சுத்தமாக வைத்திருந்தால் இந்தப் பல் நெடுங்காலம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஈறு நோய் வந்தால் அவளுக்கு மற்றவர்களைப் போல விட்டுப்பிடிக்க இடம் இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறேன். வருடம் ஒரு படம்.

அவளுடைய முறைப்பாடு வேறு. இடது பக்கம் விட்ட அந்த 2 மில்லிமீற்றரில் கோழி இறைச்சி சிக்குகிறதாம். இடைப்பல் பிரஷ் ஒன்று கொடுத்தேன். தாய் கதவடியில் நின்று, "அதை மட்டும் மூடேலாதோ டொக்டர்?" என்றார். மூடலாம், பக்கத்துப் பல்லில் கொஞ்சம் பூச்சு வைத்து, கம்பி இல்லாமல். பரீட்சை முடிய வரச் சொல்லியிருக்கிறேன்.